பின் ஐந்து பெட்டி

அந்த ரயிலுக்குப் பதின்மூன்று பெட்டிகள். ஜங்ஷன் வரைக்கும் பதின்மூன்றும் ஒரே குடும்பம். ஜங்ஷன் வந்ததும் பாகப்பிரிவினை. முன் எட்டுப் பெட்டிகளும் பெரிய பாதையில் நேரே தலைநகரத்துக்குப் போய்விடும். பின் ஐந்து பெட்டிகளை இன்னொரு எஞ்சின் வந்து மாட்டிக்கொண்டு கிளைப் பாதையில் மலையடி ஊருக்கு இழுத்துப் போகும். மறுநாள் காலையில் ஐந்தும் மலையடியிலிருந்து வரும், எட்டும் தலைநகரத்திலிருந்து வரும், அதே ஜங்ஷனில் கொக்கி மாட்டிக்கொண்டு ஒன்றுமே நடக்காதது போல ஒன்றாக வடக்கே போகும். வாரத்துக்கு மூன்று தடவை பிரிந்து மூன்று தடவை கூடுகிற இந்தக் குடும்பத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. தலைமை அலுவலகத்துக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

வயிற்றெரிச்சலில் நியாயமும் இருந்தது. ரயிலைப் பிரிக்க அட்டவணை கொடுத்த நேரம் பன்னிரண்டு நிமிடம். நிஜத்தில் ஆவதோ இருபத்தொன்று. அந்த ஒன்பது நிமிடத்துக்காகத் தலைநகரத்து வாசலில் வேறு நாலைந்து ரயில்கள் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஒருநாள் கடிதம் வந்தது: புது அட்டவணையில் பின் ஐந்து பெட்டிகள் கிடையாது. மலையடி ஊர்க்காரர்கள் ஜங்ஷனில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, நடைமேம்பாலம் ஏறி, மூன்றாம் பிளாட்பாரத்தில் காத்திருந்து, ஒரு குட்டி ரயிலைப் பிடித்துக்கொள்ளலாம். எழுதியவருக்கு அது ஒரே வரி.

அந்த ஐந்து பெட்டிகளுக்கும் டிக்கெட் பரிசோதகராக இருந்தவளை எல்லோரும் டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. பதினொரு வருடமாக அதே பெட்டிகள், அதே பாதை. வீடு மலையடி ஊரில், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். வீட்டுக்காரர் ஊர்த் தண்ணீர் நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறவர். ஒரு மகள், ஒன்பதாம் வகுப்பு. பெட்டிகள் போனால் அவள் வேலையும் தலைநகரத்துக்குப் போகும். பம்பைத் தூக்கிக்கொண்டு யாரும் தலைநகரம் போக முடியாது.

கடிதத்தை வீட்டுக்காரரிடம் காட்டியபோது அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ரயிலைப் பிரிக்க மாட்டோம், உங்களைப் பிரிச்சுடறோம்கிறாங்க. அவ்வளவுதானே?"

சிரித்துவிட்டு, ஏற்கெனவே பளபளவென்று இருந்த அடுப்பை எடுத்து வைத்துத் துடைக்கத் தொடங்கினார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். மாதத்துக்கு இரண்டு நாள் மட்டும் வந்து போகிற அம்மாவாக அவளால் இருக்க முடியாது. அதை அன்றைக்கே அவள் தீர்மானமாகத் தெரிந்துகொண்டாள்.

கிளைப் பாதை ஊர்களிலிருந்து மனு மேல் மனுவாகப் போனது. தலைமை அலுவலகம் கொஞ்சம் இறங்கி வந்தது. சோதனைக்கு ஆறு ஓட்டம். முதல் மூன்றும் பழகிக்கொள்ள. கடைசி மூன்றிலும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முன்பாதி கிளம்பியாக வேண்டும். அவசரத்தில் ஒரு பயணியைக்கூடத் தப்பான பாதியில் அனுப்பி வைக்கவும் கூடாது. ஒரு தடவை தவறினாலும் பேச்சுக்கே இடமில்லை.

பழி முழுவதும் அதுவரை ஊசியின் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. ஊசி என்பவர் ஜங்ஷனில் கொக்கி கழற்றுகிறவர். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வருவதற்கென்றே செய்து வைத்தது போன்ற உடம்பு, அதனால் வந்த பெயர்.

"ஊரே என்னைத்தான் திட்டுது. இன்னிக்கு நீங்களே நின்னு பாருங்கக்கா" என்றார் முதல் ஓட்டத்தன்று.

அவள் கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தாள். ஊசி தண்டவாளத்தில் இறங்கினார், காற்றுக் குழாய்களின் வாயை அடைத்துப் பிரித்தார், திருகைத் தளர்த்தினார், கொக்கியைத் தூக்கிப் போட்டார், கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். நாலு நிமிடம், பத்து விநாடி.

அப்படியென்றால் மீதிப் பதினேழு நிமிடம்? அங்கேதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஊசி கொக்கியில் கை வைக்க வேண்டுமென்றால், இரண்டு பாதிகளின் பரிசோதகர்களும் "ஆள் சரி" என்று சொல்ல வேண்டும். முன்பாதிக்காரர் வண்டி நின்ற இரண்டாவது நிமிடமே சொல்லிவிடுவார். இவள்தான் ஐந்து பெட்டிகளிலும் முகம் முகமாகப் பார்த்து, காணாமல் போனவரைத் தேடி, வழி தவறி வந்தவரை விரட்டி, அத்தனையும் முடிந்த பிறகு சொல்வாள். பதினொரு வருடத்தில் ஒருவரைக்கூடத் தப்பான பாதியில் அனுப்பியதில்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெருமைதான் இப்போது அவளை மூட்டை கட்ட வைக்கப் பார்த்தது. அன்று ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை அவள். இத்தனை பேர் ஏன் ஜங்ஷன் வரும்போது பார்த்து இடம் மாறிக் கிடக்கிறார்கள் என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க எல்லா விரலும் ஒரே இடத்தைக் காட்டின. டீ.

சமையல் பெட்டி முன்பாதியில் இருந்தது. மத்தியானத் தூக்கம் கலைந்து ஜனங்கள் எழுந்திருப்பது மூன்றரைக்கு. அப்போதுதான் சமையல் மாஸ்டர் டீ போடுவார். பின்பாதிக்காரர்கள் டம்ளரும் கையுமாக எட்டுப் பெட்டிக்குள் போய் வரிசையில் நிற்பார்கள். நாலு பத்துக்கு ஜங்ஷன். டீ கிடைத்தவர் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார், கிடைக்காதவர் விட்டுவிட்டு வர மனசில்லாமல் நிற்பார். ஒரு ரயிலையே நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தது ஒரு கெட்டில்.

"மாஸ்டர், ஜங்ஷனுக்கு முன்னாடி டீயைப் பின்பாதிக்கு அனுப்பி வைங்க" என்று கேட்டாள்.

மாஸ்டருக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "என் டீ என்ன தபாலா, ஊர் ஊரா அனுப்ப? அஞ்சு பெட்டி தாண்டிப் போனா ஆறிப் போயிடும். ஆறின டீயைக் குடிச்சுட்டு என் பேரைத்தானே சொல்லுவான்?"

"ஆறாம கொண்டுபோறது என் பொறுப்பு."

"ஆறினா?"

"ஆறினா நானே குடிச்சுத் தீர்க்கறேன். போதுமா?"

மாஸ்டர் முறைத்தார். ஆனாலும், சூடு தாங்குகிற பெரிய கேன் ஒன்றைக் குழாயோடு தேடி எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் ஓட்டத்தில் அதைப் பின்பாதியின் நடுப்பெட்டியில் வைத்தாள். பின்பாதிக்காரர் ஒருவர்கூட முன்னால் போகவில்லை. ஆகா என்று நினைத்துக்கொண்டு ஜங்ஷனில் பார்த்தால், பின்பாதி முழுக்க முன்பாதிக்காரர்கள்! பின்னால் வரிசையே இல்லாமல் சுடச்சுட டீ கிடைக்கிறது என்று சேதி பரவி, தலைநகரம் போக வேண்டிய பாதிக் கூட்டம் மலையடி போகிற பெட்டிகளில் சாவகாசமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு இருபத்தாறு நிமிடம். ஊசி வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்கு யாரையாவது கடித்துக் குதறலாம் போல இருந்தது.

மூன்றாம் ஓட்டத்தில் இரண்டு கேன். ஒன்று முன்னால், ஒன்று பின்னால், இரண்டும் ஒரே நேரத்தில், மூன்று மணிக்கே. ஜங்ஷனுக்கு இருபது நிமிடம் முன்னதாக நடுக்கதவை அடைத்துவிட்டு அவள் காவலுக்கு நின்றாள். பதினொன்றரை நிமிடம். மாஸ்டரே பிளாட்பாரத்தில் இறங்கி வந்து, "டீ எப்படி இருந்துது?" என்று ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலாம் ஓட்டம் பத்தே முக்கால் நிமிடம். ஐந்தாவது பத்தே கால். மிச்சம் ஒன்று.

அந்த ஆறாம் ஓட்டத்துக்கு, அட்டவணை போடுகிற நேரப் பிரிவு அதிகாரி நேரில் வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய ஸ்டாப் வாட்ச். நாட்டிலுள்ள எந்த ரயிலின் பெயரைச் சொன்னாலும் அது இந்த நிமிடம் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வார். எங்கே இருக்கிறது என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். முதல் பெட்டியில் அவருக்கு இடம். பையையும் கோட்டையும் அங்கே வைத்திருந்தார்.

"இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு அட்டவணை அச்சுக்குப் போகுதும்மா" என்றார் அவளிடம். தன்மையான மனிதர்தான், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "ஆறரைக்குத் தலைநகரம் போயிடுவேன். நேரா ஆபீஸ். நான் சொல்றதை வெச்சு முடிவு. எட்டுக்குள்ள நான் எதுவும் சொல்லலேன்னா, ஏற்கெனவே தயாரா இருக்கற அட்டவணை அப்படியே அச்சேறிடும்."

ஏற்கெனவே தயாராக இருக்கிற அட்டவணையில் பின் ஐந்து பெட்டிகள் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நாலு பத்துக்கு வண்டி ஜங்ஷனில் நின்றது. வாட்ச் டிக்கென்றது. அவள் பின்பாதியின் முதல் பெட்டியிலிருந்து தொடங்கினாள். அன்றைக்கென்று எட்டுப் பேர் கொண்ட குடும்பம் ஒன்று, டிக்கெட்டைத் தலைகீழாகப் படித்து, பதினான்கு உருப்படிகளோடு அவள் பெட்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது. அவர்களை இறக்கி முன்பாதியில் ஏற்றுவதற்குள் ஐந்து நிமிடம் பறந்துவிட்டது. மீதிப் பெட்டிகளை ஓட்டமும் நடையுமாகப் பார்த்தாள். டிக்கெட்டுகள் எல்லாம் சரி. கடைசிப் பெட்டியின் கதவிலிருந்து "ஆள் சரி!" என்று கத்தினாள். முன்பாதிப் பரிசோதகர் அதற்கு முன்பே சொல்லிவிட்டிருந்தார். முதல் பெட்டியில் அதிகாரியின் பையும் கோட்டும் இருந்ததால் அதிகாரியும் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஊசி இறங்கி ஏறினார். கொக்கி விட்டது. முன்பாதியின் கார்டு விசிலை வாயில் வைத்தார்.

அப்போதுதான் அவள் காதில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினாள். கடைசிப் பெட்டியின் கைகழுவும் தொட்டி முன்னால், பனியனோடு, வெள்ளைச் சட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றது நேரப் பிரிவு அதிகாரி. இவள் ஒழுங்காகத்தான் பார்க்கிறாளா என்று பின்னாலிருந்து ஏறிப் பார்க்க வந்தவர், கேன் குழாயைத் திறந்து ஒரு டீயும் ருசி பார்க்க நினைத்து, முழு டம்ளரையும் சட்டையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவளோ கை நீட்டியவர்களின் டிக்கெட்டைப் பார்த்தாளே தவிர, முதுகு காட்டி நின்ற பனியன்காரரைப் பார்க்கவே இல்லை.

ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் அவளுக்குள் ஒரு குரல் தெளிவாகப் பேசியது: பேசாமல் இரு. விசில் ஊதட்டும். வண்டி போகட்டும். நீ பார்க்கவே இல்லை. மகளின் முகம், அடுப்பைத் துடைத்த முதுகு, எல்லாம் வந்து போயின. அவள் பல்லைக் கடித்தாள்.

"ஊதாதீங்க!" என்று பிளாட்பாரம் அதிரக் கத்தினாள். "ஆள் சரியில்லை! நிறுத்துங்க!"

கார்டு விசிலை எடுத்தார். அவள் அதிகாரியிடம் ஓடினாள்.

"சார், வண்டி பிரிஞ்சாச்சு! நீங்க தப்பான பாதியில நிக்கறீங்க. ஓடுங்க சார்!"

அதிகாரி சோப்பு நுரையோடு திரும்பினார். கழுத்து வாட்சைப் பார்த்தார். பதினொன்று இருபது. வெளியே எட்டிப் பார்த்தார். ஐந்து பெட்டி நீளத்துக்குப் பிளாட்பாரம், அதில் வழியனுப்ப வந்தவர்களும் மூட்டைகளுமாக நெரிசல். அதற்கப்பால் முன்பாதியின் வால். நாற்பது விநாடியில் அவர் வயசுக்கும் முட்டிக்கும் முடிகிற காரியமில்லை.

"எனக்காக நின்னா பதிமூணு, பதிமூணரை ஆகும்" என்றார், வேறு யாருக்கோ வழக்கு தீர்ப்பது போல.

"ஆகட்டும் சார். நீங்க போங்க."

அவர் மறுபடியும் வாட்சைப் பார்த்தார். முப்பது வருடமாக விநாடிகளைத் துரத்திப் பிடித்துக் கட்டிப்போட்ட மனிதர். தன்னால் ஒரு ரயில் தாமதம் என்பதை அவர் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. முகம் போன போக்கிலேயே தெரிந்தது. கதவுக்கு வந்து, நுரைக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வீசினார்.

"விடுங்க! வண்டியை விடுங்கய்யா! நான் வரலை!"

விசில் ஊதியது. முன்பாதி நகர்ந்தது. பையும் கோட்டும் கைப்பேசியும் தலைநகரத்துக்குக் கிளம்பின. அதிகாரி வாட்சை நிறுத்தினார். பதினொன்று நாற்பது.

பின்பாதியும் எஞ்சின் மாட்டிக்கொண்டு ஜங்ஷனைத் தாண்டிய பிறகுதான் இரண்டு பேருக்கும் அது உறைத்தது. கிளைப் பாதையில் வழி நெடுகக் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. மலையடி ஊர் போய்ச் சேர ஏழு ஐந்து. எட்டு மணிக்கு அச்சு.

"மலையடி ஸ்டேஷன்லதான் ரயில்வே போன் இருக்கு சார். தலைமை அலுவலகத்துக்கு நேரா பேசலாம்" என்றாள் அவள்.

"வண்டி நேரத்துக்குப் போகுமில்ல?" என்று கேட்டார் அவர். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரயில் நேரத்துக்குப் போக வேண்டுமென்று ஒரு பயணியைப் போலக் கேட்டார்.

சட்டையை ஜன்னல் கம்பியில் காயப் போட்டுவிட்டு, அவளுடைய சீருடைக் கோட்டைத் தோளில் போர்த்திக்கொண்டு அதிகாரி உட்கார்ந்தார். எதிர் இருக்கையில் கண் அறுவை சிகிச்சை முடிந்து திரும்புகிற அம்மாள், ஒரு கண்ணில் கட்டோடு. "யாரு, புதுசா வந்த டிக்கெட்காரரா?" என்று கேட்டு, அவர் பதில் சொல்வதற்குள் ஒரு பிஸ்கட்டை அவர் கையில் திணித்தாள். நடைவழியில் போர்வை சுற்றிய ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று. அதைத் தோளோடு அணைத்தபடி ஒரு முடிவெட்டும் கடைக்காரர், முப்பது மணி நேரமாகச் சரியாகத் தூங்காமல் வந்திருந்தார். புதுக் கடைக்குப் புதுக் கண்ணாடி.

அந்தக் கண்ணாடிதான் அவளை மலையடிக்கு முந்தின ஸ்டேஷனில் சோதித்தது. கடைக்காரர் அங்கே இறங்க வேண்டும். கதவு குறுகல், கண்ணாடி அகலம். சாய்த்தால் இடித்தது, நிமிர்த்தினால் முட்டியது. இரண்டு நிமிடம் நிற்கிற இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசரப்படுத்தினால் உடையும், விட்டால் எட்டு மணி தாண்டும்.

"தள்ளுங்க, தள்ளுங்க" என்று ஒரு குரல். அதிகாரி கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பனியனோடு வந்து கண்ணாடியின் அடிப்பக்கத்தைப் பிடித்தார். "நீ மேல பிடிப்பா. குறுக்கா திருப்பு. இப்ப மெதுவா. மெதுவாய்யா, அவசரப்படாதே!"

அவசரப்படாதே என்று அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கு அந்த நெருக்கடியிலும் சிரிப்பு வந்தது. கண்ணாடி கீறல் இல்லாமல் இறங்கியது. கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்க முடிவெட்ட அவருக்குக் காசு வேண்டாம் என்றார். அதிகாரி தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு வண்டியேறினார்.

மலையடி ஊர் வந்தபோது ஏழு பத்தொன்பது. நிலைய அதிகாரியின் அறைக்கு இரண்டு பேரும் ஓடினார்கள். போன் கிடைக்க நாலு தடவை சுற்ற வேண்டியிருந்தது. கிடைத்தபோது ஏழு நாற்பத்தொன்று. அவள் கதவோரம் நின்றுகொண்டாள். அந்தப் பக்கம் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் மட்டும் கேட்டது.

"ஆமா சார், நான்தான். ... இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன். ... பதினொண்ணு நாப்பது. ... ஆமா, மூணு ஓட்டமும் உள்ளதான்."

அவளுக்கு மூச்சு வந்தது.

"ரெண்டாவது கேள்வியா? ... ஆமா சார். தப்பான பாதியில ஒருத்தர் போயிருக்கார்."

வந்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது. பொய் சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பரிசோதகர் கவனிக்கலையான்னு கேக்கறீங்களா? கவனிச்சாங்க சார். கிளம்பற வண்டியை நிறுத்தினாங்க. இறங்கிக்கோ, உனக்காக நேரம் போனாலும் பரவாயில்லேன்னு சொன்னாங்க. தன் வேலை போகும்னு தெரிஞ்சே சொன்னாங்க. அந்த ஆள்தான் இறங்கலை. ... எனக்கு எப்படித் தெரியுமா?" அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த ஆள் நான்தான் சார். டீ குடிக்கப் போனேன்."

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சத்தம், போனைத் தாண்டிக் கேட்டது. சிரிப்பா, திட்டா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள். அதிலும் தெரியவில்லை.

"சரி சார். ... சரி. ... ஒரு வருஷத்துக்கு. ... சொல்லிடறேன். அச்சகத்துக்கு நீங்க சொல்லிடுங்க, கால் மணி நேரம்தான் இருக்கு."

போனை வைத்தார். "புது அட்டவணையில இருக்கும்மா. ஒரு வருஷம் பார்ப்பாங்க. இதே மாதிரி ஓடினா, அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. ஒரு நிலைய அதிகாரி, ஒரு தலைமை அலுவலக அதிகாரி, சுவரில் ஓடுகிற கடிகாரம், எதைப் பற்றியும் கவலைப்படாமல் முகத்தை மூடிக்கொண்டு சந்தோஷமாக அழுதாள். வாசலில் வீட்டுக்காரர் வந்து நின்றது, பின்னாலேயே மகள் எட்டிப் பார்த்தது, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, முடிந்தது கதை என்று நினைத்து, "பரவாயில்லை விடு, பாத்துக்கலாம்" என்று தோளைத் தட்டினார். அதைக் கேட்டு அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டது. தலையை ஆட்டி ஆட்டி, இல்லை, இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. புரிந்ததும் மகள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அழுகையை நேரம் வைத்து அளக்கத் தெரியாத அதிகாரி, எங்கே பார்ப்பது என்று புரியாமல் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தார். விரல் வைத்துப் படித்தார்.

"காலையில ஆறு இருபது வண்டிம்மா. அதுல ஏறினா தலைநகரம் எப்போ போகும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது தலைநகரம் போகாது சார். ஜங்ஷன்ல எட்டுப் பெட்டியோட சேர்ந்து வடக்கே போயிடும். நீங்க ஜங்ஷன்ல இறங்கி, பாலம் ஏறி, அந்தப் பக்கம் காத்திருந்து வேற வண்டி மாறணும்."

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?"

"ஒண்ணே முக்கால் மணி நேரம்."

அதிகாரி பனியனைத் தடவினார். முட்டியைத் தடவினார். நேரப் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவர், அட்டவணையின் அந்த வரிசையை மேலிருந்து கீழ் வரைக்கும் இன்னொரு தடவை பார்த்தார்.

"காலையில தலைநகரம் பக்கம் பிரிச்சு விட ஒரு பெட்டி சேர்த்தா என்ன?" என்றார். "ஊசிக்கு நாலு நிமிஷம்தானே ஆகுது?"